சினிமா ஷூட்டிங் என்று பூட்டப்பட்ட எங்கள் வில் பயிற்சி ஹால்

அனுப்புநர்
டோரீன் செல்வமணி,
மருந்துக்கடை ஊழியர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.

பெறுநர்
உயர்திரு மண்டல அதிகாரி அவர்கள்,
சமுதாயக் கூடப் பிரிவு,
பெங்களூரு.

பொருள்: வில் பயிற்சியைப் படப்பிடிப்பு என்று எண்ணிப் போட்ட பூட்டைத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று தங்கள் அலுவலக வாசலில் சொன்னார்கள். இங்கிலீஷிலும் கன்னடத்திலும் நான் தலா ஒரு முறை தடுக்கி விழுந்தாயிற்று. ஆகவே துணிந்து தாய்மொழியில் எழுதுகிறேன். கோபம் இருக்கிறது, மரியாதைக் குறைவு இல்லை.

1. எங்கள் சமுதாயக் கூடத்து மாடி ஹாலில் முறையான அனுமதியுடன், காம்பவுண்ட் எனப்படும் கப்பி வைத்த வில்லில் பயிற்சி நடந்து வந்தது. பதினெட்டு மீட்டர் தள்ளி மாட்டிய தாள் இலக்கில் அம்பு விட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பள்ளியில் லெமன் ஸ்பூன் ஓட்டத்தோடு என் விளையாட்டு முடிந்தது என்றிருந்தேன்.

2. பயிற்சியாளர் காந்தா என்னைவிட மிகவும் இளையவர். ஆனால் என்ன பொறுமை! முதல் வாரம் அம்பையே கண்ணில் காட்டவில்லை. கைகளை விரிக்கச் சொல்லி நீளம் அளந்து வில்லை அதற்கேற்பச் சரிசெய்தார். என் இடது கண்தான் முந்திப் பார்க்கிறது என்று கண்டுபிடித்து, வலதுகைக்காரியான எனக்கு இடதுகை வில்லைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர்கூட இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு கவனித்ததில்லை.

3. வில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழுக்கத் தொடங்கும்போது நாண் முரண்டு பிடிக்கும், தோள் நடுங்கும், விட்டுவிடலாமா என்று தோன்றும். முழுக்க இழுத்ததும் இரண்டு முனையிலும் உள்ள கப்பிகள் சுழன்று, பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். அப்புறம் நிதானமாகக் குறி பார்க்கலாம். முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்காமலே என் பாரத்தை யாரும் அப்படி வாங்கிக்கொண்டதில்லை, ஐயா.

4. சென்ற வாரம் கூடத்து ஊழியர் மாடியில் என்ன நடக்கிறது என்று கேட்டார். அம்பு விடுவதை இங்கிலீஷில் ஷூட்டிங் என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்; அதே மாதிரி ஷூட்டிங் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் கதவில் பூட்டு! அனுமதியின்றி சினிமா ஷூட்டிங் என்று நோட்டீஸ் வேறு. கதாநாயகி நான்தானா என்று தெருவே கேலி செய்கிறது. சரி, கன்னடத்தில் தெளிவாகச் சொல்வோம் என்று தங்கள் அலுவலகம் சென்று, பில்லு பயிற்சிக்காக ஹாலைத் திறக்க வேண்டும் என்றேன். கன்னடத்தில் வில்லுக்குப் பில்லு என்றுதானே பெயர்? கவுன்ட்டரில் இருந்தவர் கரண்ட் பில்லா தண்ணி பில்லா, எதுவானாலும் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நானும் மக்கு மாதிரி எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார். அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். பில்லை மட்டும் திருப்பித் தந்தால் போதும்.

5. வரும் 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கற்பவர்களுக்கான உள்ளரங்கப் போட்டி. என்னைக் கேட்காமலே காந்தா என் பெயரைக் கொடுத்துவிட்டார். வில்களோ பூட்டிய ஹாலுக்குள். அதற்காகப் பயிற்சியை நிறுத்திவிட்டாரா என்றால் இல்லை. பூட்டுக்கு எதிரே படிக்கட்டில் எங்களை நிற்கவைத்து, ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்கிறார், தோள் சரியாக நிற்கிறதா என்று ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்கிறார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் இந்த மனுவை எழுத எனக்குத் தைரியம் வந்தது.

ஆகவே ஐயா, வியாழக்கிழமைக்குள் பூட்டைத் திறந்துவிட உத்தரவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தாங்களே நேரில் வாருங்கள். கேமரா ஒன்றும் இருக்காது. காந்தா தங்கள் கைநீளத்தை அளந்து, ஒரு வில்லைச் சரிசெய்து கொடுப்பார். பாதி இழுப்பில் தோள் நடுங்கும்போது மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா. இன்னும் கொஞ்சம் இழுங்கள். நான் எதற்காக இப்படி மன்றாடுகிறேன் என்று அப்போது தங்களுக்கே தெரியும்.

நம்பிக்கையுடன் காத்திருக்கும்,
டோரீன் செல்வமணி
(ஒப்பம்)

இடம்: லிங்கராஜபுரம்
நாள்: 17.11.2025