வீட்டுக்குள் வைத்த ஏரி

நைனா,

போன வாரம் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்து நாலைந்து தங்க மீன் வளர்க்கிறார்கள். அன்று தண்ணீர் மாற்றும் நாள். பாசியும், தின்னாமல் ஊறிப்போன தீனியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, “வீட்ல யார் இருக்காங்க?” என்று கேட்டுவிட்டேன். அவள் விழித்தாள். வீட்டில் இருந்த எல்லோரும் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நீ எங்கே என்று கேட்க வந்த வாய் அது. நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்த வாடை வந்தால் நீ வீட்டில் இருக்கிறாயா என்று முதலில் பார்க்க வேண்டும். என் உடம்புக்கு இன்னும் அதுதான் பழக்கம்.

உனக்கு முதல் வலிப்பு ஏரியில் வந்தது. படகில் சித்தப்பா பக்கத்தில் இருந்தார். அவர் உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போடாவிட்டால் அன்றைக்கே போயிருப்பாய். பொன்னேரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “இனிமே தண்ணிப் பக்கம் போகவே கூடாது. முழங்கால் தண்ணி போதும் ஆளை முடிக்க” என்றார். நம் கோட்டைக்குப்பத்தில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி. தண்ணீர்ப் பக்கம் போகாதவன் அங்கே எந்தப் பக்கம் போவான்? திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், “இந்த டாக்டருக்கு எந்த ஊராம்?” என்று மட்டும் கேட்டாய்.

நான் பொன்னேரி தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அம்மா விடிந்ததும் மீன் கூடையோடு கிளம்பிவிடுவாள். பகலெல்லாம் நீ தனியாக இருப்பாய். சாயங்காலம் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, நம் தெருவில் கூட்டம் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கூட்டம் இல்லையென்றாலும் மனசு அடங்காது. இன்னும் யாருக்கும் தெரியவில்லையோ என்று தோன்றும். உன்னை வீட்டில் உட்கார வைக்க ஏதாவது வேண்டும் என்று யோசித்து யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, வைக்கோல் சுற்றி, ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். “மீனு வித்து சோறு துன்ற குடும்பம். இப்போ மீனுக்குச் சோறு போடப் போவுதா?”

சித்தப்பா வலையில் வந்த மடவைக் குஞ்சுகளைக் குடத்தில் கொண்டுவந்து விட்டார். அன்று வெயில் கடுமை. நீ ஒரு கோணிச் சாக்கை நனைத்துத் தொட்டியை வாயோடு சேர்த்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் இறுக்கி மூடினாய். மீன் என்றால் ஈரச் சாக்கு போட்டு மூடவேண்டும், வெயில் படக்கூடாது. நாற்பது வருஷமாக உன் கை செய்த வேலை அது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் மூடினேன், உன்னோடு சேர்ந்து. காலையில் சாக்கை எடுத்தால் அத்தனை குஞ்சும் வயிறு மேலே தெரிய மிதந்தன.

“கொழம்பு வைக்கட்டா, இல்ல எட்த்துனு போயி அடக்கம் பண்ணணுமா?” என்றாள் அம்மா.

நீ சிரிக்கவில்லை. “ஆயுசுக்கும் மீனு புடிச்சேன். ஒருநாளாவது அத்த உசுரோட வச்சிக்க வேண்டி வந்திச்சா?” என்றாய்.

அதன் பிறகு உனக்குப் பிடித்துக்கொண்டது. மடவையோடு கொடுவாக் குஞ்சுகளையும் விட்டுப் பார்த்தாய். ஒரு வாரத்தில் கொடுவா மட்டும்தான் இருந்தது. அதற்குத் தனியாகச் சிமெண்டுத் தொட்டி கட்டினாய். கோடு போட்ட கீச்சான்கள் மற்ற மீன்களின் செதிலைக் கடித்துப் பிடுங்கின. அவற்றுக்கு ஒரு அகலப் பானை. பால் கெண்டை துள்ளி வெளியே விழுந்து செத்தது. மேலே கிழிந்த வலையைக் கட்டினாய். கொடுவாவுக்குச் சென்னாகுனி என்ற பொடி இறால், மடவைக்குப் படகின் அடியில் சுரண்டிய பாசி. கரன்ட் இல்லாத வீட்டில் மோட்டாருக்கு எங்கே போவது? சொம்பால் மொண்டு, உயரத்திலிருந்து நுரை வர ஊற்றிக்கொண்டே இருப்பாய். நான் வரும்போது அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். அது கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் அரை நாள். வீட்டுக்கு வந்தேன். சத்தம் இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. குடத்தைக் காணோம்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஏரிக்கரையில் உன் துண்டு கிடந்தது. தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் சும்மா கிடந்தது. புடவையோடு இடுப்பளவு இறங்கிவிட்டேன். காலால் சேற்றைத் துழாவினேன். எதைத் தேடித் துழாவுகிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அப்போது கரையிலிருந்து உன் குரல் வந்தது. “கண்ணு, இங்க.”

இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் பின்னால், குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உதடு வெளுத்திருந்தது.

“இன்னா நைனா இது?” என்று கத்தினேன்.

“கத்தாத. உள்ள கொடுவாக் குஞ்சு ரெண்டு கீது. ஆடுனா சிந்திப் பூடும்.”

“தண்ணில எறங்குனியா?”

“இன்னைக்கி நம்ம பாடு இல்ல? எட்ட நின்னு பாத்துட்டு, அப்டியே ஒரு கொடம் மொண்டுக்கினு வரலாம்னு வந்தேன்.”

ஏரியில் வலை போடும் இடங்களை நம் ஊரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. அன்று முறை உன்னுடையது. உனக்குப் பதிலாகச் சித்தப்பா போயிருந்தார்.

“கண்ணோரம் மின்னுச்சி. வரப் போவுதுன்னு தெரிஞ்சிச்சி. கரைக்கு வந்து குந்திக்கினேன். வர்ல. ஆனா எந்திரிக்க பயமா கீது கண்ணு.”

அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

“இதான் மொத தபாவா?” என்றேன்.

நீ குடத்தைப் பார்த்தாய். “உங்க சித்தப்பன் கொண்ணார தண்ணி பத்தல. மீனுக்குத் தண்ணி மாத்தணும் இல்ல?”

அப்படியானால் தினமும் இறங்கியிருக்கிறாய். உன்னை ஏரிக்குப் போகாமல் வைக்க நான் வாங்கிய தொட்டி, உன்னைத் தினமும் ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அம்மா எல்லாவற்றையும் உடைத்துப் போடச் சொன்னாள். நானும் யோசித்தேன். உடைத்தால் மறுநாள் குடமில்லாமல் போவாய், அவ்வளவுதான். “தண்ணி நான் மொண்டு வரேன். நீ கரையில நிக்கணும். கால் நனையக் கூடாது” என்றேன்.

மீன் விற்கப் போகும் பெண்கள் நம் குப்பத்தில் உண்டு. ஏரிக்குள் இறங்கும் பெண்கள் இல்லை. தினமும் பஸ் பிடிப்பதற்கு முன், தெளிந்த தண்ணீருக்காக நான் உள்ளே நடந்துபோய்க் குடத்தை அமிழ்த்துவேன். படகில் போகிறவர்கள் உன்னைப் பார்த்து, “இன்னா பெருசு, உன் பாட்டு மொறைக்குப் போஸ்டாபீசு எறங்கிடுச்சா?” என்பார்கள். நீ, “ஆமாண்டா, தந்தி வந்தா உனக்குத்தான்” என்பாய்.

தண்ணீரில் இறங்கிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து நம்மவர்கள் கூப்பிடுவதில்லை. திரும்பினால் கால் வழுக்கும் என்பார்கள். நீயும் கூப்பிட்டதில்லை. ஒருமுறை பள்ளத்தில் கால் வைத்து முழுக்க முழுகி எழுந்தேன். கரையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எனக்கு மனசு கசந்தது. நான் உனக்காகச் சாகிறேன், உனக்குக் கொஞ்சமும் பதைக்கவில்லையே என்று நினைத்தேன். கரைக்கு வந்ததும், “இவ்ளோ நேரம் இன்னாத்துக்கு?” என்று மட்டும் சிடுசிடுத்தாய்.

இப்படி இரண்டு வருஷம். அதன் பின் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே போனாய். தண்ணீர் உன்னைத் தொடவில்லை. கொடுவா அதற்குள் முழங்கை நீளம் வளர்ந்திருந்தது. அம்மா அதை விற்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை. சித்தப்பா எடுத்துப்போய் ஏரியில் விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள்: “கூடையோட போவசொல்ல பாத்துக்கீறேன். நீ கொடத்த எட்த்துனு எறங்குனா, அந்த மனுசன் துண்ட வாயில அடைச்சிக்கினு நிப்பாரு. கூப்ட்டுடப் போறேன்னு. ஒரு துண்டு முழுக்க பல்லு பட்டே கிழிஞ்சிது.”

அப்புறம் எனக்குக் கல்யாணமாகிக் கொருக்குப்பேட்டைக்கு வந்துவிட்டேன். நீ பார்க்காத உன் பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருஷம் முதல் தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதம். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகவேண்டும். நான் தெருமுனைவரை போய் நிற்பேன். உன் பயம் முழுசாக என்னிடம் வந்திருக்கிறது நைனா. அதை வாய்க்குள் வைத்திருக்க மட்டும் எனக்கு வரவில்லை.

நேற்று கூப்பிட்டுவிட்டேன். கேட் திறந்துதான் இருந்தது, ரயில் எதுவும் இல்லை. தண்டவாளத்துக்கு நடுவில் நின்று திரும்பினாள்.

“இன்னாமா?”

“ஒண்ணுமில்ல. போ” என்றேன்.