வசீமுக்கு வராத சிப்

ஜனவரி 22
இன்றும் கார்டு வரவில்லை. வசீமின் கம்ப்யூட்டரில் போட வேண்டிய அமெரிக்கச் சிப் கார்டு. "ஏற்றுமதிக்குப் புது விதி வருதுங்க. இருக்குற சரக்கைப் பெரிய கம்பெனிங்க வளைச்சிட்டாங்க. உங்கள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு எப்பன்னு சொல்ல முடியல" என்றாராம் சென்னை வியாபாரி.

பக்கவாதத்தில் நாக்குக் குழறுகிறவர்கள் பேசுவதை எழுத்தாகக் காட்டும் மென்பொருள் — அதுதான் என் வீட்டுக்காரர் வசீம் செய்துகொண்டிருப்பது. அதற்கான குரல்களைச் சேர்த்தது நான்; அத்தனை குரலையும் கம்ப்யூட்டர் கேட்டுப் பழகத்தான் அந்தக் கார்டு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். ஸ்ரீரங்கத்திலிருந்தும் மருங்காபுரியிலிருந்தும் வந்தவர்கள் என்னை நம்பிப் பேசிக் கொடுத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

பிப்ரவரி 9
சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது. அங்கே கார்டுகள் ஏராளமாம். வசீமும் வர வேண்டும், குரல்களும் வர வேண்டும்.

"செஞ்சு முடிச்சு, நம்ம ஊருக்கு மாச வாடகைக்கு விடுவாங்க" என்றார்.

"நம்ம ஆளுங்க குரலை நமக்கே வாடகைக்கா?"

அவர் முகத்தில் ஆசை மட்டும் தெரிந்தது. பாவம், ஆசைப்படாமல் எப்படி இருப்பார்?

பிப்ரவரி 10
குரல்களைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போகாதீங்க என்று மட்டும் சொல்லவில்லை. அத்தா சவூதிக்குப் போனபோது அம்மாவும் சொல்லவில்லை. ஊருக்கே பேச்சுச் சொல்லித் தருகிறேன் — எனக்கு ஏன் வாய் வரவில்லை?

மார்ச் 14
நோன்புக் கஞ்சி குடிக்கும்போது கேட்டேன்: "எல்லாப் பேச்சும் புரியணும்னாத்தானே பெரிய கார்டு? படுத்திருக்கறவங்களுக்கு முதல்ல எதுங்க வேணும்? தண்ணி, வலிக்குது, ஃபேன் போடு, கிட்ட வா. அத மட்டும் பழைய கம்ப்யூட்டர்லயே செய்ய முடியாதா?"

கிண்ணத்தோடு எழுந்து போய்விட்டார். கோபமோ என்று பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 3
ஆள் மட்டும் வந்தாலும் சரி என்கிறது சிங்கப்பூர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஏப்ரல் 27
பொன்மலையில் மாத்ருபூதம் ஐயா வீடு. ரயில்வேயில் இருந்தவர், பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகிறது. கட்டிலில் படுத்தபடி எதையோ குழறினார். பழைய கம்ப்யூட்டரில் செய்ததை வசீம் தன் போனில் ஏற்றியிருந்தார்; நெட் இல்லாமலே அதில் எழுத்து வந்தது: 'ஃபேன் போடு'. மறுபடி குழறினார்: 'கிட்ட வா'.

"தண்ணிதான் கேக்குறீகன்னு ஊத்தி ஊத்திக் கொன்னுருக்கேனே!" என்று சிரித்த அவர் மனைவி வள்ளிக்கண்ணு, அப்படியே முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, நீங்க சிங்கப்பூர் போறதா உங்க வீட்டுப் பாப்பா சொல்லுச்சே. இது மக்கர் பண்ணா யாருகிட்ட போறது?"

"போகலீங்கம்மா. வரலைன்னு அப்பவே எழுதிட்டேன். கார்டு வந்தா வேகமா நடக்கும், வரலைன்னா இதுக்கு ஒவ்வொரு வார்த்தையா சொல்லிக்குடுப்பேன்."

அப்பவேவாம்! கட்டினவளிடம் சொல்வதற்கு என்ன?

பைக்கில் ஏறியதும் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். பிறகு அதே முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டேன். ஜி கார்னர் மைதானம் தாண்டியும் எடுக்கவில்லை.