கூப்பிடாமல் காத்திருந்த மேசை

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று பேனா பழக்கத்தில் ஓடப் பார்த்தது, பிடித்து நிறுத்தி, நான் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் நீ அப்பாவைக் கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார் என்றேன். அத்தனை குளியலை நீ நம்பியிருக்க மாட்டாய். சுற்றுலா போன இடத்தில் அவருக்குக் கால் பிசகிவிட்டது என்று நானும் அக்காவும் பேசி வைத்துச் சொன்னது பொய். உண்மையைப் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஓட்டலில் உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். தெருமுனை ஓட்டல்காரர் என் தலையைக் கண்டாலே துடைத்த மேசையை மறுபடி துடைக்கச் சொல்வார். தண்ணீர் வரத் தாமதமானால் நான் அடுக்களைக்குள்ளேயே போய் நிற்பேன், நீயும் அக்காவும் இந்தம்மா யாரோ என்பது போல வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவீர்கள். நீ அங்கே படித்துக்கொண்டே உணவகத்தில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குப் புத்தி சொல்ல ஒரு ஆள் கிடைத்தது. நாங்கள் சுற்றுலா கிளம்பும்போது, "அம்மா, வெளிநாட்டுல போய்க் கத்தாத, விரல் சொடுக்காத, அப்படிக் கூப்பிடறவங்களைக் கண்டாலே எங்களுக்கு ஆகாது, பேசாம உக்காந்திரு, வருவாங்க" என்றாய். அப்பா அதை வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார்.

சுற்றுலா போன ஊரில் ஒரு மதியம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு உணவகத்தில் உட்கார்ந்தோம். பாஷை தெரியாமல் படத்தைத் தொட்டுக் காட்டினோம், பரிமாறுகிறவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்பா அந்தக் கையோடு கழிப்பறைக்குப் போய் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் நான் தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் ஊசி போடுகிறவர்தானே, இங்கே தட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே நேரம் கிடையாது, அந்தப் பழக்கம். ஆனால் சாப்பாடு வரவில்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வந்தது. பக்கத்து மேசையில் ஒரு ஜோடி சண்டை போட்டு, சாப்பிட்டு, சமாதானமாகி எழுந்தே போய்விட்டது, நான் அதை அப்பாவுக்கு ரகசியமாக வர்ணித்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே போய் வந்தார். கையைத் தூக்கினேன், வருகிறது என்று சைகை காட்டினார். அடுக்களைக்குப் போகலாம் என்று எழுந்தேன், அப்பா கையைப் பிடித்து இழுத்து, "உக்காரு, கூப்பிடாத, வருவாங்க, நம்ம பையன்கிட்ட எவளாவது இப்படிக் கத்தினா உனக்கு எப்படி இருக்கும்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டார். கல்யாண வீட்டில், சினிமாக் கொட்டகையில், பல் டாக்டர் நாற்காலியில்கூடத் தூங்கினவர். தூங்கினால் பசி தெரியாது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் கைப்பையில் மிட்டாய் இருந்தது கண்ணா. கடைசியில் ஆவி பறக்கத் தட்டு வந்தது, எழுப்பத் தொட்டால் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. அப்போது கத்தினேன், அந்த உணவகமே எழுந்து நின்றது. எங்கள் ஆர்டரை அடுக்களையில் சொல்லவே மறந்துவிட்டாராம் அந்த ஆள். சுவரோரம் நின்று அழுதார். உன் வயசுதான் இருக்கும், எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

ஊசி போட்டுச் சாப்பிடாததில் சர்க்கரை இறங்கி, மூளைக்குப் போகாமல் வெகுநேரம் இருந்துவிட்டது என்றார்கள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில். நடக்கிறார், என்னைத் தெரிகிறது. உன் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. இனிப் பெரிதாகத் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று இங்கே டாக்டரும் சொல்லிவிட்டார். ஒத்தாசைக்கு உன் அத்தை வந்திருக்கிறாள், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "ஊரையே கூட்டற வாய், அன்னிக்குப் பாத்துப் பூட்டிக்கிச்சு" என்கிறாள். அவள் அண்ணன், அவள் பேசுவாள். நீ மட்டும் உன்னால்தான் என்று உட்கார்ந்து அழாதே, உன்மேல் பழி போட நான் எழுதவில்லை. நீ சொன்னதையெல்லாம் கேட்கிறவளா நான், அந்த ஒரு நாள்தான் கேட்டேன்.

வேலையை விட்டுவிடாதே. ஆனால் கத்துகிறவர்களிடம் முதலில் ஓடாதே, சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களைப் போய்ப் பார். தாமதமானால் ஒரு துண்டு ரொட்டியாவது வை. யாராவது தூங்கினால் தொட்டு எழுப்பு, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது அப்பா தானாகவே சாப்பாட்டு மேசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். தட்டை முன்னால் வைத்தால் தொடுவதில்லை, கதவையே பார்க்கிறார். நான் அத்தையைக் கூப்பிட்டால், "கூப்பிடாத, வருவாங்க" என்கிறார். ஒருநாள் என்ன தோன்றியதோ, தட்டைத் திரும்ப எடுத்துப் போய், கையில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, யாரோ போல வந்து, தாமதத்துக்கு மன்னிக்கணும் சார் என்று வைத்தேன். பரவாயில்லை என்று சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். அன்றிலிருந்து மூன்று வேளையும் நான் மன்னிப்புக் கேட்டுத்தான் பரிமாறுகிறேன்.

பரீட்சை முடிந்ததும் வா. நீ வந்து ஒரு வேளை அவருக்குப் பரிமாறு, அந்த வேலை உனக்குத்தான் முறையாகத் தெரியும். பட்டினி கிடந்து படிக்காதே. அடுத்த முறை போன் செய்யும்போது அப்பாவைக் கேள், குளிக்கிறார் என்று சொல்ல மாட்டேன். பசி அறியாமல், நோய் அறியாமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா