பூவாடைக்காரி எழுதிய கதை

என் அன்புத் தங்கச்சிக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டில் உனக்குப் படையல் போட்டார்கள். உன் புருஷனுக்கு மறுகல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று சாமியாக்கி, நல்ல காரியத்துக்கு முன்னால் புதுச்சேலை வைத்து உத்தரவு கேட்பது நம் வழக்கம்தானே. உனக்கு வைத்தது மாம்பழ நிறப் பட்டு. உயிரோடு இருந்தபோது உன்னிடம் எதற்காவது உத்தரவு கேட்டார்களா அம்மா?

உன் கதை வந்த இதழையும் கொண்டுபோயிருந்தேன். அச்சில் வந்த உன் முதல் கதை, ஒரே கதை. அயனம்பாக்கம் ஏரியில் குளிக்க இறங்கும் ஏழு கன்னிமாரில் இளையவளின் சேலையை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வரும் ஒருவன் ஒளித்துவைத்து, அவளையே கட்டிக்கொள்கிறான். பல வருடம் கழித்துப் பரணில் அந்தச் சேலை கிடைக்கிறது. உடுத்திக்கொண்டு ஓடுகிறாள். அக்காமார் ஆறு பேரும் ஏரியை விட்டே போய்விட்டார்கள். ஆனாலும் அவள் வீடு திரும்புவதில்லை.

இதழ் வந்த வாரம் நான் உன் வீட்டில்தான் இருந்தேன். அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் உன் புருஷன், யாரோ கதையைச் சொல்லக் கேட்டு வந்து, "அந்த ஆளு நான்தானே? ஊரே என்னைப் பாத்து சிரிக்குது" என்றான். நீ வெங்காயம் நறுக்கியபடி, "ஒளிச்சி வச்சவன் பேரே நான் எழுதல. உனக்கா தோணுதுன்னா நான் இன்னா பண்றது?" என்றாய். உன் மாமியார்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அவன் மன்னிக்கவில்லை. பேனாவை எடுத்தாலே சண்டை என்றானது. நீ நிறுத்திக்கொண்டாய். அப்புறம் உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல்.

படையலன்று இலைப் பக்கத்தில், சேலையை ஒட்டி அந்த இதழை வைத்தேன்.

"இன்னா மச்சான் இது? எடுத்துடு" என்றான் உன் புருஷன். "அவ இப்ப நம்ம ஊட்டு சாமி. சாமி எங்கனா கதை எழுதிகினு இருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். உன் சாவுக்கு வந்து, எவ்வளவு அறிவான பொண்ணு என்று அழுத அதே வாய்கள்தான்.

உன் மகள் இதழைத் தொட்டுப் பார்த்து, "மாமா, அம்மா எழுதுனதா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் நாத்தனார் அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, கொதிக்கிற பொங்கல் பானையை அதன்மேல் இறக்கினாள். "சூடு பட்டா டைல்ஸ் வெடிச்சிடும்" என்றாள்.

பூசை முடிந்ததும் சேலையை வரப்போகிறவளிடம் கொடுத்தார்கள். பாவம், உன் படத்தை விழுந்து கும்பிட்டாள். நீ என்ன எழுதினாய் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

கும்பிட்டுவிட்டால் படிக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் உன்னைச் சாமியாக்கினார்களோ? எனக்கு இப்போது எந்த நம்பிக்கையும் இல்லை.

உன் கதையைப் போட்ட பத்திரிகைக்கே இதை அனுப்புகிறேன். நீ போனபோது ஒரு வரி இரங்கல் போடாதவர்கள் அவர்கள். அந்தக் கோபமும் எனக்குத் தீரவில்லை. ஆனால் நீ எழுதியவள் என்பது வேறு எங்கே பதிவாகும்?

என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. உன் மகளுக்கு அதைக் கடைசி வரிவரை படித்துக் காட்டுவேன். அதற்கு அந்த வீட்டுப் படியை நான் மிதிக்க முடிய வேண்டும். உன் புருஷன் இதையெல்லாம் படிக்கிறவன் இல்லை. ஆனால் என் பெயரைப் பார்த்தால் படம்பிடித்து அவனுக்கு அனுப்ப நம் சொந்தத்தில் ஆள் உண்டு. பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டான்.

அதனால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

உன் அண்ணன்