சிவப்பு வந்தால் சொல்லாதே

செப்டம்பர் 22, ஞாயிறு

திருவையாறு மில்லிலிருந்து போன். குறுவை நெல் வர ஆரம்பித்துவிட்டதாம், டிரையருக்கு நம்பர் வேண்டுமாம். அவர்கள் ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்ன எண்ணை லேப்டாப்பில் தட்டினேன். பச்சை வந்தது. கீழே வந்த பதில் எண்ணைச் சொன்னேன். மெஷின் ஓடியது.

ஆறாவதோடு நின்றவள் நான். இந்த ஒரு வேலைதான் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. மில்லில் நெல் காய வைக்கிற மெஷினை ஓட்டும் புரோகிராமை எழுதியவர் அவர். கூட வேலை பார்த்த ஷேக் பரீத், நம் வீட்டில் சாப்பிட்டவர், அதைக் காப்பி எடுத்து விற்றார். அதற்குப் பிறகுதான் இந்தப் பூட்டு. சீசன் ஆரம்பத்தில் மெஷின் ஒரு எண்ணைக் காட்டும். பதில் நம் வீட்டு லேப்டாப்பில் மட்டும்தான். பூட்டுப் போட்ட புரோகிராமையும் பரீத் காப்பி எடுத்தார். பூட்டும் சேர்ந்தே போனது. அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை.

"பச்சை வந்தா சொல்லு. சிவப்பு வந்தா திருட்டுக் காப்பி, சொல்லாதே." அவர் சொன்னது இவ்வளவுதான்.

செப்டம்பர் 26, வியாழன்

அவர் இறந்ததிலிருந்து அவர் போன் என்னிடம்தான் இருக்கிறது. கூப்பிடுகிறவர்கள் "யூனுஸ் பாய்" என்று ஆரம்பித்து, என் குரல் கேட்டதும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

விடாத மழை. பாபநாசம் மில் நாகநாதன் கூப்பிட்டார். எண்ணைத் தட்டினேன். சிவப்பு.

"உங்க மெஷினு எங்ககிட்ட வாங்கினது இல்லீங்களே."

"பரீத்கிட்ட வாங்கிட்டேம்மா, தப்புதான். போன வருஷம் பாயே வந்து நம்பர் போட்டுக் குடுத்தாரு. நெல்லு நனைஞ்சு கெடக்குது, கொஞ்சம் பாருங்க."

மௌத்தானவர் பேரில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் போலிருக்கிறது. "வாங்குனவர்கிட்டயே கேளுங்க" என்று வைத்துவிட்டேன். சிவப்புக்குக் கீழேயும் பதில் எண் நின்றது. பார்த்துக்கொண்டே மூடினேன்.

அவரை அடக்கம் செய்த ஜனாஸா அன்று பரீதும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தாராம். நாத்தனார் ஹஃப்ஸா சொன்னாள். அன்றிலிருந்து வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறியது.

அக்டோபர் 15, செவ்வாய்

நாகநாதன் போன், திரும்பத் திரும்ப. எடுக்கவில்லை. "நல்லா வேணும் மச்சி" என்றாள் ஹஃப்ஸா.

அக்டோபர் 20, ஞாயிறு

அம்சம் வந்தாள். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறவள். வருஷா வருஷம் நமக்கு அரிசி கொடுப்பவள்.

"இன்னும் எத்தன நாளைக்கு இந்த ரூமுக்குள்ளயே?"

"இத்தா முடியணும், நாலு மாசம் பத்து நாளு. மார்கழி ஆவும்."

"இருங்க, இருங்க. வெளிய வந்து பாக்க என்ன இருக்கு? எல்லாம் மொளச்சிக் கெடக்கு. இந்த வருஷம் அரிசிய வேற எடத்துல பாத்துக்கங்கம்மா."

என்ன ஆச்சு என்று கேட்டேன். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிட்டார்களாம். நாகநாதன் மில்லில் காய வைக்கலாம் என்று கொண்டுபோயிருக்கிறாள். மெஷின் ஓடவில்லை. மூட்டைக்குள் கை விட்டால் சுட்டதாம். அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. மாட்டுக்கும் கோழிக்கும்தான் போட முடிந்ததாம்.

மெஷின் ஏன் ஓடவில்லை என்று அவளுக்குத் தெரியாது. நாகநாதன் என் பேரைச் சொல்லவில்லை.

"போன வருஷம் அவுங்க அந்த மில்லுக்கு வந்தாங்களா?" கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வந்தாரே. அப்பவும் இதே கூத்துதான். அந்த ஆள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாரு. அப்பறம் என் மூட்டையத் தொட்டுப் பாத்தாரு. ஒண்ணும் பேசல, போயி நம்பரப் போட்டாரு. வீட்டுல சொல்லிடாத அம்சம், வைவான்னாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

போன வருஷம் ஒருநாள் ரிப்பேர் என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனாரே. அன்றைக்கா? வைவேன் என்றா மறைத்தார்? நான் அப்படியா இருந்தேன்? சொல்லக் கூடாது என்றால் சிவப்புக்குக் கீழே எண்ணை ஏன் வைக்க வேண்டும் — எழுதியவர் அவர்தானே. ஒரு நிமிஷம் யோசித்தேனா நான்?

அம்சத்திடம் வாய் வரவில்லை. அழுதேன். புருஷன் போய் இத்தாவில் இருப்பவள் அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவள் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 21, திங்கள்

நாகநாதனுக்கு நானே கூப்பிட்டேன். நம்பர் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம்மா. மெஷின ஓட்டுற அந்தப் பெட்டியக் கழட்டியாச்சு. கோயம்புத்தூர்லேருந்து வேற வருது."

"பழையது?"

"மூலையில கெடக்கு. காயலான் கடைக்குப் போட வேண்டியதுதான்."

திருட்டுக் காப்பிதான். ஆனால் அதற்குள் இருந்தது அவர் எழுதியது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது.

நவம்பர் 8, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. மழை.

டிசம்பர் 17, செவ்வாய்

இத்தா முடிந்தது. எல்லாரும் மாமியார் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் அம்சம் வீட்டுக்குப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ வைத்தாள். சொன்னேன். நம்பர் என்னிடம் இருந்தது, நான்தான் கொடுக்கவில்லை என்று.

அம்சம் டீத்தூள் டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, "உங்க ஆத்திரம் பரீத் மேலதானேம்மா? என் நெல்லு என்ன பண்ணுச்சு?" என்றாள்.

மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. டீயைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல், குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சம்பா அறுப்பு. அரிசி கடையில் வாங்கினோம். அம்சம் வரவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

மதியம் லுஹர் தொழுதுவிட்டு எழுந்தபோது போன்.

"தங்கச்சி, பரீத் பேசுறேன்."

தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தேன்.

"வேதாரண்யம் பக்கம் ஒரு மில்லுல நிக்கிறேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறதுன்னு தெரியல."

"நெல்லு யாருது?"

"ஊர்க்காரங்களுது. மழை இல்ல, அவசரம்னும் சொல்ல முடியாது. பொய் சொல்ல மாட்டேன்."

லேப்டாப்பைத் திறந்தேன். "ம், சொல்லுங்க."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். தட்டினேன். சிவப்பு வந்தது. கீழே இருந்ததை வாசித்தேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நிதானமாக இன்னொரு தடவை வாசித்தேன்.