கணக்கு இருக்கிற குரூப்

பாகூர் கடைத்தெருவில் அந்த ஜெராக்ஸ் கடை இன்னும் இருக்கிறது. இன்று காலை அங்கே நின்றிருந்தேன். அண்ணன் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எந்திரத்துக்குள் வைத்து மூடினார்கள். வெளிச்சம் ஒருமுறை ஓடி முடிந்தது. தாளைக் கையில் வாங்கியதும் அந்தச் சூடும் மை வாசனையும் சேர்ந்து வந்தன. நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று நினைத்து, நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். அண்ணன்தான் நின்றிருந்தான், முகத்தை இறுக்கிக்கொண்டு.

"பிளஸ் ஒன்னுக்கு இன்னா குரூப்புன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஸ்கூலுக்குள்ள போவணும். நீதான ஐ.டி.ல இருக்கற, நீயே சொல்லு. ஏ.ஐ. வந்துட்டா கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு வேலையே இருக்காதாமே?"

அவன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம்தான் எங்கள் டீமில் ஆட்களைக் குறைத்தார்கள். அதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. இப்படி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் உன்னைத்தான் கூப்பிடுவேன். உனக்குத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு வருவாய். நம் வயதுப் பெண்களில் அந்தப் பழக்கம் உனக்கு மட்டும்தான் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் ஒரு அக்கா தினமும் புதுச்சேரி பஸ்ஸுக்காக நிற்பார், ஞாபகம் இருக்கிறதா? கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். நாம் எதிர்ப்பக்கம் பாகூர் டெம்போவுக்காக நிற்போம். ஒருநாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ ரோட்டைக் கடந்து போனாய். கடலூர் ரோட்டில் பஸ்கள் வருகிற வேகத்தைப் பார்த்து எனக்கு உயிரே நின்றுவிட்டது. திரும்பி வந்து மூச்சு வாங்கினாய்.

"அவங்க சாஃப்ட்வேர்ல இருக்காங்களாம்டி. இன்னா படிக்கணும்னு கேட்டேன்."

"தெரியாதவங்ககிட்ட போயி எப்படிடி கேட்ட?"

"தெரிஞ்சவங்க யாருக்கும்தான் ஒண்ணும் தெரியலையே!"

அந்த அக்கா சொன்னதை டெம்போவில் போகும்போது எனக்கு ஒப்பித்தாய். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பாடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் காலேஜில் முதலிலிருந்து சொல்லித் தருவார்கள். ஆனால் கணக்கை மட்டும் விட்டுவிடக் கூடாது. அதை விட்டால் பின்னால் பல படிப்புகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. அன்றைக்கே நம் திட்டம் முடிவாகிவிட்டது. இருவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், ஒரே பெஞ்ச்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. எனக்கு நல்ல மார்க். உனக்குக் கணக்கில் நினைத்தது வரவில்லை. ஜியோமெட்ரியில் நேரம் போய்விட்டது என்று சொல்லிப் பேச்சை மாற்றினாய். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சேர்க்கை நாளன்று பள்ளிக்கூட அறிவிப்புப் பலகை முன்னால் நின்றபோதுதான் எல்லாம் கலைந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், வேறு ஆள் வரவில்லை, இந்த ஆண்டு அந்தக் குரூப் கிடையாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வந்திருந்த அப்பா ஒருமுறைதான் படித்தார்.

"அதான் இல்லன்னு எழுதி ஒட்டிட்டாங்களே. அப்புறம் இன்னா? நர்சிங்குதான்," என்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார்.

அப்பாவை உனக்குத் தெரியும். கரும்புத் தோட்டக்காரர் ஒருவருக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு, கோபம் அதிகம். அம்மா ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தபோது ஒரு நர்ஸ் இரவும் பகலும் பார்த்துக்கொண்டதை அவர் மறக்கவே இல்லை. என்னை அந்த வெள்ளை உடுப்பில் பார்க்க ஆசைப்பட்டார். அது தவறான ஆசை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. கடையின் கண்ணாடி மேடைமேல் விண்ணப்பத்தை வைத்து, கணக்கே இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பைக் குறித்துவிட்டு, கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறந்தார். பள்ளிக்கூட ஆபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"சித்தப்பா, கையெழுத்துப் போடாதீங்க."

உன் குரல் கேட்டு, கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அப்பா மெதுவாக நிமிர்ந்தார்.

"இன்னா புள்ள சொன்ன?"

"அந்தக் குரூப்புல மேக்ஸ் இல்ல சித்தப்பா. மேக்ஸ் இல்லன்னா இவ இஞ்சினியரிங் பக்கமே போவ முடியாது."

"எதுக்குப் போவணும்? நம்ம தெருவுல ஒருத்தன் இஞ்சினியரிங் கம்ப்யூட்டர்தான படிச்சான்? இப்ப இன்னா பண்றான்? ஜவுளிக்கடையில துணி மடிக்கறான்."

"தெரியும். அந்த அண்ணனப் போயி பாத்துட்டுத்தான் வந்தேன்."

பேனா அப்படியே நின்றது. "அவங்கிட்ட போயி இன்னா கேட்ட?"

"ஏன்ணா வேல கெடைக்கலன்னு கேட்டேன். மேக்ஸ் புரியாமலே போயி சேந்துட்டேன், ஏகப்பட்ட அரியர், கடைசி வரைக்கும் முடிக்கவே இல்லன்னாரு. கம்ப்யூட்டர் படிச்சதால அவருக்கு வேல இல்லாமப் போவல சித்தப்பா. முடிக்காம வுட்டதால."

அப்பாவுக்கு முகம் கறுத்தது. எல்லார் முன்னாலும் ஒரு சின்னப்பெண் பதில் சொல்கிறாளே என்ற கோபம். "எங்க வூட்டு விஷயத்துல தலையிட நீ யாரு புள்ள?" என்று அவர் போட்ட சத்தத்தில் கடைக்காரர் எந்திரத்தையே நிறுத்திவிட்டார். நான் அழத் தொடங்கியிருந்தேன். போய்விடு, போய்விடு என்று உனக்குக் கண்ணால் சொன்னேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

"பயோ-மேக்ஸ்னு ஒண்ணு இருக்குது. அதுல பயாலஜியும் உண்டு, மேக்ஸும் உண்டு. அத எடுத்தா நீங்க சொல்ற நர்சிங்கும் போலாம், இவ கேக்கறதும் போலாம். ரெண்டு வருஷம் கழிச்சு மார்க்கப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. இன்னிக்கே எதுக்கு ஒண்ண மூடணும்?"

அப்பா விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"நர்சிங்குக்குத் தட ஒண்ணும் வராதே?"

"வராது சித்தப்பா."

"நீ சொன்னா ஆச்சா? டீச்சர் சொல்லட்டும்."

மூவரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். தலைமையாசிரியை சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா கேட்டதற்கு, "ரெண்டுக்கும் போகலாம். ஆனா பாடம் பாரமா இருக்கும். உங்க பொண்ணு தாங்குவாளா?" என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். அன்றைக்குக் காலையிலிருந்து அப்போதுதான் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தாங்குவியா?"

"தாங்குவேன்பா."

பழைய குறிப்பை அடித்துவிட்டு பயோ-மேக்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து உன் முறை. உன் அம்மா வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை நீட்டினாய். தலைமையாசிரியை உன் மதிப்பெண்ணைப் பார்த்தார். உனக்கும் பயோ-மேக்ஸ்தான் என்று நினைத்திருப்பார் போல. "இந்தக் கணக்கு மார்க்குக்கு அது தர முடியாதும்மா. உனக்கு மேல நெறய பேர் நிக்கறாங்க," என்றார்.

அப்பாகூட உன்னையே பார்த்தார். நீ இடிந்து போவாய் என்று நினைத்தேன்.

"தெரியும் மிஸ். எனக்கு பிசினஸ் மேக்ஸ் இருக்கற காமர்ஸ் குடுங்க."

"கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு சுத்திக்கிட்டிருந்த. இப்ப காமர்ஸ் கேக்கற?"

"அதுல இருந்தும் பி.சி.ஏ. போலாம் மிஸ். விசாரிச்சுட்டேன்."

திரும்பும்போது டெம்போவில் அப்பா முன்னால் உட்கார்ந்தார். நாம் பின்னால். பாகூர் ஏரிக்கரை தாண்டியதும் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மார்க் வந்த அன்னிக்கே தெரியும்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நானும் காமர்ஸ் வர்றேன்னு நிப்ப."

அது உண்மை. அப்படித்தான் நின்றிருப்பேன்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் சுலபமாகப் போகவில்லை. உயிரியல் படங்களும் கணக்குச் சூத்திரங்களும் என்னைப் பிழிந்தெடுத்தன. ஒவ்வொரு தேர்வின்போதும் அப்பாவின் கேள்வி தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. நீ பக்கத்துக் கட்டடத்தில் கணக்குப்பதிவியல் படித்தாய். சனிக்கிழமைகளில் கிருமாம்பாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமலே எக்செல் பழகினாய். பிளஸ் டூ மார்க் வந்ததும் அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள சொன்ன படிப்புக்கே போடு," என்று மட்டும் சொன்னார். நர்சிங் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. அந்த ஆசையை எங்கே வைத்துப் பூட்டினாரோ.

நான் பி.டெக். சேர்ந்தேன், நீ பி.சி.ஏ. முதல் செமஸ்டரிலேயே நிரல் எழுதும் பாடத்தில் தோற்றேன். வகுப்பில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் படித்தவர்கள். அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது, எனக்கு ஒரு வரியும் நகரவில்லை. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று ஹாஸ்டல் மாடியில் நின்று உனக்கு ஃபோன் செய்தேன்.

"அழுதாச்சா?" என்றாய். "சரி, நோட்ட எடு. மொதல் வரியில இருந்து சத்தமாப் படி. ஒவ்வொரு வரியும் இன்னா பண்ணுதுன்னு எங்கிட்ட சொல்லு. தெரியாத எடத்துல நில்லு."

நான் நின்றேன். மூன்றாவது வரியிலேயே நின்றேன். அங்கிருந்து சொல்லித் தந்தாய். பிறகு வாரா வாரம் அதே வேலை. உன் படிப்பு எனக்கு ஓர் ஆண்டு முன்னதாகவே முடிந்தது. புதுச்சேரியிலேயே ஒரு கம்பெனியின் சப்போர்ட் பிரிவில் சேர்ந்தாய். கழுத்தில் அட்டையோடு, அந்த அக்கா நின்ற அதே பக்கம் நின்று பஸ் ஏறினாய்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்த அன்று நாம் இருவரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தோம். அப்போதுதான் நீ ஒன்றைச் சொன்னாய். அதுவரை எனக்குத் தெரியாது.

"அன்னிக்கு ஜெராக்ஸ் கடையில உங்கப்பா கத்தினாரு பாரு, எனக்குக் கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சுடி. எங்க அடிச்சுடுவாரோன்னு பயம். கண்ணாடி மேடைய ஒரு கையால புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

"அப்புறம் எப்படிடி பேசின?"

"கால்தான ஆடுச்சு? வாய் நல்லாத்தான இருந்துச்சு."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம்.

போன ஐப்பசி மழையில் ஊரெங்கும் காய்ச்சல். உனக்கும் வந்தது. லீவு போட்டுப் படுத்தால் சரியாகிவிடும் என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனதையே உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். நான் சென்னையிலிருந்து வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டு வாசலில் அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். துக்கத்துக்கு வந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வூட்டு விஷயத்துல தலையிட இனிமே யாரு இருக்கா?" என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று காலை அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சொல்லாமல் நழுவ வழி தேடினேன். கடைசியில் சொல்லிவிட்டேன். "எங்க டீம்லயே ஆளக் கொறச்சுட்டாங்கண்ணா. என் வேல நெலைக்குமான்னு எனக்கே தெரியல. இவ படிச்சு முடிக்கறப்ப இந்த வேலையெல்லாம் எப்படி இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

அண்ணனுக்கு அதிர்ச்சி. "பின்ன எதுக்கு இவள அதுல தள்ளணும்?"

"தள்ளச் சொல்லல. கணக்க மட்டும் விட வேணாம்னு சொல்றேன். அது கூட இருந்தா இவ நாலு பக்கம் திரும்பலாம். மீதிய அவளக் கேளு."

அவன் மகளைக் கேட்டான். அவள் கணக்கோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாள், சன்னமாக, ஆனால் தடுமாறாமல். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தான். அவனுக்கு இன்னும் முழு மனதில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கத்தான் செய்கிறது. நான் சொன்னது சரியா என்று தெரிய ஆண்டுகள் ஆகும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் என் கையைப் பிடித்தாள். "அத்த, நெஜமாவே உங்க வேல போயிட்டா இன்னா பண்ணுவீங்க?"

"அப்படி வேல போயி, மறுபடியும் எழுந்து நின்னவங்க யாராவது இருப்பாங்க இல்ல? அவங்களத் தேடிப் போயி கேப்பேன்."

"தெரியாதவங்களயா? கூச்சமா இருக்காது?"

"இருக்கும்," என்றேன். "இருந்துட்டுப் போவட்டும்."