இரண்டு கைத் தூண்டில்

பிளசன்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வெண்பா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மானஸாக் குட்டியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் நலம். உன் அப்பா நலமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். ஃபோன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று யோசிப்பாய். நான் அனுப்புகிற மெசேஜ் எல்லாம் கிச்சனில் இருக்கிற ஐபேடிலும் வந்து நிற்கிறது, உன் அப்பா காபி குடித்துக்கொண்டே அதைத்தான் படிக்கிறார். வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டாலும் எடுத்துப் பார்ப்பார் என்று நானே போஸ்ட் ஆபீஸ் போய்ப் போடப் போகிறேன்.

விஷயம் இதுதான். உன் அப்பாவுக்குத் திடீரென்று மீன் பிடிக்கிற ஆசை வந்திருக்கிறது. முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிற மனுஷனுக்கு மீன். கேட்டால் பிடித்து மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம், விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்? எனக்கு அப்போதே பொறி தட்டியது. எல்லாம் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் வாஞ்சிநாதன் செய்கிற வேலை. ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீனாம், கடலுக்குப் போய் நன்றாகப் பெருத்துவிட்டுக் குளிர்காலத்தில் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருமாம், அதைத் தேடி வடக்கே ட்ரினிட்டி ஆறு வரைக்கும் டிரைவ் பண்ணிப் போகிறவர் அவர். அந்த மனுஷர் வீட்டுக்கு வந்தால் நான் காபி கொடுப்பதோடு சரி, முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு தூண்டிலுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நீ நம்ப மாட்டாய், உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. சாதாரணத் தூண்டில் வேண்டாமாம், இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற நீளக் கழிதான் வேண்டுமாம். உளவு பார்க்கலாம் என்று நானும் அவரோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் பதின்மூன்று அடியில் ஏழாம் நம்பர் கனத்தில் ஒரு கழியைக் காட்டி, முதல் கழி நடுத்தரமாக இருக்கட்டும் என்றார். வாங்குகிறதுதான் வாங்குகிறோம், இன்னும் நீளமாக, கெட்டியாக வாங்கினால் பின்னாலும் ஆகுமே என்றேன், உனக்கு ஸ்கூலுக்கு ஜாக்கெட் வாங்கும்போது இரண்டு சைஸ் பெரிதாக எடுப்போமே, அந்த எண்ணத்தில். அவர் சிரித்துவிட்டு, விறைப்பான கழி கை தேர்ந்தவர்களுக்கு, புதிதாகப் பழகுகிறவருக்கு நன்றாக வளைகிறதுதான் நல்லது, வளைவது கைக்குத் தெரிந்தால்தான் வீச்சு வரும் என்று சொன்னார். லைன் என்கிற தூண்டில் கயிற்றைக் குட்டையாக, தடிப்பாகப் போட்டுக்கொண்டால் பின்னால் மரம் அடர்ந்த கரையிலும் வீசலாமாம். அதோடு, வாங்கும் முன் புல்வெளியில் வீசிப் பாருங்கள் என்று ஒரு கழியை இரவலாகவும் கொடுத்தனுப்பினார். பெரியதை வேண்டாம் என்கிற கடைக்காரரை நான் எப்படி நம்புவது, நீயே சொல்.

இதற்கு நடுவில் வேறு மாற்றங்களும் வந்தன. ரசம் சாதத்துக்கு ஸ்பூன் கேட்கிறார். ஆபீஸ் பழக்கமாம், ரிட்டயர் ஆன பிறகு வருகிற ஆபீஸ் பழக்கத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஃப்ரீவே வந்தால் காரை என்னிடம் கொடுத்துவிடுகிறார், நான் ஓட்டினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெறும் தரையை மிதிக்கிறவர். போன மாதம் லிவர்மோர் கோயிலில் தீர்த்தத்துக்கு இடது கையை நீட்டினார். குருக்கள் ஊற்றாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், எனக்கு மானமே போயிற்று. வருகிற வழியெல்லாம் திட்டினேன், பதிலுக்கு ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா உன் அப்பா?

நேற்று அவர் பார்க்குக்குக் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். வாஞ்சிநாதனும் இருந்தார். கொக்கி கிடையாது, லைன் நுனியில் சிவப்புக் கம்பளி நூல், புல்லைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவுக்கு இடது கை மேலே, வலது கை கீழே வயிற்றோடு ஒட்டி. நான் பார்த்த நேரம் முழுக்க அந்த வலது கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகினார். வாஞ்சிநாதன் என்னைப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தார். "அக்கா, முதல்ல ஒத்தக் கை ராட்தான் குடுத்தேன். அவரால தூக்கவே முடியல, விரல் மரத்துப்போயி ரொம்ப நாளாச்சாம். ரெண்டு கைன்னா ஒண்ணு இன்னொண்ணைத் தாங்கிக்கும்னு அவரேதான் இதைத் தேடிக் கண்டுபிடிச்சார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்" என்றார். நான் கார் வரைக்கும் வந்து, உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

ஸ்பூன், ஃப்ரீவே, தீர்த்தம், எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு அந்தக் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே. இப்போது உன் மேலும் ஒரு சந்தேகம். அவர் தலையணைக்கு அடியில் ரப்பர் பந்து ஒன்று இருக்கிறது, மானஸா விட்டுவிட்டுப் போனது என்றார். ஹாஸ்பிடலில் கைக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கிறவள் நீ. உனக்குத் தெரியும் என்றால் கோபிக்க மாட்டேன், உண்மையைச் சொல். தெரியாது என்றால் இந்த வாரம் வீடியோ காலில் தூண்டிலை எப்படி வீசுவது என்று காட்டச் சொல்லி அந்தக் கையைப் பார். நரம்பு டாக்டரிடம் அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன், அன்று காலையில்தான் அவரிடம் சொல்லப் போகிறேன், முன்னாலேயே சொன்னால் நழுவிவிடுவார். கடைக்காரருக்கும் ஃபோன் பண்ணி அந்தப் பதின்மூன்று அடிக் கழியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வளைகிறதுதான், விறைப்பானது வேண்டாம் என்று நானே சொன்னேன். டாக்டர் சரி என்றால் ஆற்றுக்குப் போகட்டும், ஆனால் நானும் கூடப் போவேன், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விட மாட்டேன்.

சிவன்மலை முருகன் உங்கள் மூன்று பேருக்கும் எந்தக் குறையும் வைக்க மாட்டான். மானஸா இங்கிலீஷில் பதில் சொன்னாலும் பரவாயில்லை, தாத்தாவிடம் தினமும் பேசச் சொல். அந்த வியாழக்கிழமை வரைக்கும் டாக்டர் விஷயத்தில் நீ வாயைத் திறக்காதே. இன்று மத்தியானம் நானும் ரசம் சாதத்தை ஸ்பூனால்தான் சாப்பிட்டேன். உன் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே சந்தேகமாகப் பார்த்தார். ஆபீஸ் பழக்கம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
வசந்தாமணி